இருட்டு ரூமும் பதினாலு ஜாடியும்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

நான் குடியாத்தத்துக்காரி. கல்யாணமாகிப் பதினோரு வருஷமாக அமெரிக்காவில், ஒஹாயோவில் இருக்கிறேன். நீங்கள் கேழ்வரகுக் களியைப் பற்றி எழுதியதைப் படித்த நாளிலிருந்தே உங்களுக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் ஒரு காரணம் கிடைத்தது.

எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது தாண்டிய ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். போன மாதம் தன் வீட்டு நிலவறைக்கு என்னைக் கூட்டிப்போனார். சுவர் நீளத்துக்குப் பலகை அடித்து, அதில் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். பீன்ஸ், பீச் பழம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய். ஒவ்வொரு மூடியிலும் வருஷம் எழுதியிருக்கிறது. இருநூறுக்குக் குறையாது. யுத்த காலத்தில் சர்க்கரைக்கு ரேஷன் வந்தபோது, பழம் அடைத்து வைப்பதற்கென்று தனியாகச் சர்க்கரை கொடுப்பார்களாம். அவருடைய அம்மா போய் வரிசையில் நின்று வாங்கி வந்த கதையைச் சொன்னார்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தக்காளி போட்டோம். வெந்நீரில் முக்கித் தோலை உரித்து, நசுக்கி, உப்புப் போட்டு ஜாடியில் நிரப்பி, மூடியைத் திருகி, ஜாடி முழுகத் தண்ணீர் விட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்தோம். "என் அம்மா செய்த மாதிரியேதான். தக்காளி, உப்பு, வேறு ஒன்றும் கிடையாது" என்றார். எடுத்து ஆற வைத்ததும் மூடிகள் ஒவ்வொன்றாக 'டிங்', 'டிங்' என்று உள்வாங்கின. என் பங்குக்குப் பதினாலு ஜாடி. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆயா வீட்டு சாமான் ரூமும், அதில் வேடு கட்டி வைத்திருந்த ஜாடிகளும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

குடும்ப குரூப்பில் போட்டோ போட்டேன். அண்ணன், "ஏன், அங்க கடையில டின்னு தக்காளி கிடைக்கலியா?" என்றான். அம்மா, "அப்படியே உங்க ஆயா மாதிரி ஆயிட்ட" என்றார். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை.

உங்களிடம் கேட்க இரண்டு விஷயம். இவ்வளவு சேர்த்து வைக்கிற நம்மிடம் இந்த ஜாடி வித்தை ஏன் வரவில்லை? ஆயாவின் முள்ளுக் கத்தரிக்காய்த் தொக்கை இதே மாதிரி நான் ஜாடியில் அடைத்து வைக்கலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

'நீ' என்று எழுதத்தான் கை போகிறது. நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் 'நீங்கள்' என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் அண்ணனுக்காக ஒரு வார்த்தை. அவர் கேட்டது கிண்டல்தான், ஆனாலும் நியாயமான கேள்வி. எங்கள் ஆயா காலத்திலும் கடை இருந்தது. காசுதான் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊரில் மல்லாட்டை (வேர்க்கடலை) பிடுங்கி விற்றால் ஒரு தடவை, வெல்லம் காய்ச்சி வேலூர் மண்டியில் போட்டால் ஒரு தடவை, வருஷத்துக்கு இரண்டே தடவைதான் முழுசாகக் காசைப் பார்ப்போம். நடுவில் கிடக்கிற மாசங்களை ஓட்டுவதற்காக ஏற்பட்டதுதான் சாமான் ரூம். எங்கள் வீட்டில் அதை இருட்டு ரூம் என்போம். ஜன்னல் கிடையாது. கூடத்திலிருந்து உள்ளே போக ஒரே வாசல், அதுவும் குனிந்துதான் போக வேண்டும்.

உள்ளே போனதும் இடது பக்கம் தொம்பை. மூங்கிலில் முடைந்து, சாணியும் மண்ணும் பூசி, ஆள் உயரத்துக்கு நிற்கும். அதில் நெல். அதை ஒட்டி அடுக்குப் பானைகள். அடியில் பெரிய பானையில் கேழ்வரகு, அதன்மேல் சாமை, அதன்மேல் உளுந்து, உச்சியில் ஒரு சின்னச் சட்டியில் விதைக்கென்று சாம்பலில் புரட்டி வைத்த அவரை, பீர்க்கன், பூசணி. துவரைக்குச் செம்மண் கட்டியிருப்பார்கள். செம்மண்ணைக் குழம்பாகக் கரைத்து, துவரையை அதில் புரட்டி, வெயிலில் காய வைத்து எடுத்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மண் சட்டை. வண்டு முட்டை வைக்காது, பிறகு உடைக்கும்போது தோலும் சுலபமாகக் கழன்று வரும். அரிசிப் பானையில் வசம்பும் நொச்சி இலையும். ஒரு மூலையில் பாலாற்று மணலைக் கொட்டி அதற்குள் இஞ்சியைப் புதைத்து வைத்திருப்பாள் ஆயா. நாலைந்து டால்டா டப்பா. மேலே உறியில் நெய். பரண்மேல் கொடி கட்டி உப்புக்கண்டம். கருவாட்டுக்கு மட்டும் உள்ளே இடம் கிடையாது. அது தாழ்வாரத்தில் ஓலைப் பெட்டியில் தொங்கும், அதன் காலடியில் எந்நேரமும் ஒரு பூனை உட்கார்ந்திருக்கும்.

புளியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி மாசம் ஜவ்வாது மலைக்காரர்கள் கூடையில் புளியும் தேனும் கொண்டு இறங்குவார்கள். ஒரு வருஷத்துப் புளியை அந்த ஒரு வாரத்தில் வாங்கிவிடுவாள் ஆயா. வீட்டில் இருக்கிற பெண்பிள்ளைகள் எல்லோரும் உட்கார்ந்து நார் எடுத்து, கொட்டை தட்டி, கல்லுப்பைத் தூவித் தூவிப் பானையில் காலால் மிதிக்காத குறையாக அழுத்துவோம். விரல் நுனியெல்லாம் புளிப்பில் வெந்து வெளுத்துவிடும். புதுப்புளியை உடனே எடுக்கக் கூடாது. போன வருஷத்துப் பானை தீர்ந்தால்தான் இந்த வருஷத்துப் பானையைத் திறப்பார்கள். அதனால் எங்கள் வீட்டில் எந்த வருஷமும் அந்த வருஷத்துப் புளியைச் சாப்பிட்டதே இல்லை. எப்போதும் ஒரு வருஷம் பின்தங்கிய, கறுத்த புளிதான். எனக்கு இன்றைக்கும் புதுப்புளி ரசம் ரசமாகவே படுவதில்லை.

இதுவரை நீங்கள் அழுகிற மாதிரியான ஞாபகம். இனி உங்கள் அம்மா சொன்ன 'ஆயா மாதிரி ஆயிட்ட' என்பதற்கு வருகிறேன். எனக்கென்னவோ அது திட்டு என்றுதான் படுகிறது.

அந்த அறைக்குச் சாவி ஒன்றுதான். அது ஆயாவின் முந்தானை முடிச்சில் இருக்கும். என் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து, மூன்று பிள்ளை பெற்று, எங்களையெல்லாம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய பிறகும், ஒரு ஆழாக்குப் பருப்பு வேண்டும் என்றால் கூடத்தில் வந்து நிற்க வேண்டும். "போன வெள்ளிக்கிழமைதானே குடுத்தேன், இன்னாத்துக்கு இப்ப?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள் ஆயா. அளந்து போடும்போது படியை விரலால் வழித்துவிடுவாள், கூம்பாக ஒரு மணி நிற்காது. மாசத்தில் மூன்று நாள் அம்மா அந்த வாசற்படியைக்கூட மிதிக்கக் கூடாது. ஊறுகாய் பூத்துவிட்டால், "யாரு தீட்டோட உள்ள வந்தது?" என்று விசாரணை நடக்கும். ஈர அகப்பையைப் போட்டது ஆயாவாகவே இருக்கும், அதை யார் சொல்வது?

மிளகாய் இடிக்க வருகிற அம்மாவுக்குக் கூலியோடு ஒரு கை ஊறுகாய் கொடுப்பார்கள். அது எப்போதும் முந்தின வருஷத்து ஜாடியின் அடி வண்டல்தான். புது ஜாடி மாங்காயைத் துண்டு போட்டுக் கொடுத்ததே அந்த அம்மாதான்.

ஆயாவைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவளுக்கு அந்தச் சாவி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1876இல் தொடங்கி 78 வரைக்கும் போன தாது வருஷப் பஞ்சத்தில் மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் வட ஆற்காடும் ஒன்று. ஆயா பிறந்தது அதற்கு ரொம்பப் பிந்தி. ஆனால் ஆயாவின் மாமியாருக்கு மாமியார் அந்தப் பஞ்சத்தைப் பார்த்தவள். எறும்புப் புற்றைத் தோண்டி அதற்குள் சேர்ந்திருந்த தானியத்தை அள்ளி வந்து கஞ்சி காய்ச்சினார்கள் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்தப் பயம் மாமியார் மாமியாராகக் கைமாறி, சாவியோடு சேர்ந்து ஆயாவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது அரிசித் தட்டுப்பாடு வந்தது. 1967 தேர்தலில் அண்ணாதுரை ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஜெயித்தாரே, அந்த நேரம். ஊரெல்லாம் அரிசிக்கு அலைந்தபோது எங்கள் தொம்பையில் நெல் இருந்தது. ஆயா அந்த வருஷம் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வேளையும் சோற்றைப் போட்டுவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அம்மா அதை மன்னிக்கவே இல்லை.

சரி, உங்கள் முதல் கேள்வி. நம்மிடம் ஜாடி வித்தை ஏன் வரவில்லை?

ஒரு பண்டம் கெட வேண்டும் என்றால் அதில் ஈரம் இருக்க வேண்டும், கிருமி உள்ளே போக வழி இருக்க வேண்டும். நாம் ஈரத்தைப் பிடுங்கினோம். வெயிலில் போட்டோம், உப்பில் போட்டோம், மேலே எண்ணெயை நிறுத்தினோம். அவர்கள் ஈரத்தை அப்படியே விட்டுவிட்டு, வேகவைத்துக் கிருமியைக் கொன்று, மறுபடி ஒன்று நுழையாதபடி வாயை அடைத்தார்கள். பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்று ஒரு மிட்டாய்க்காரர். சமைத்ததைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துத் தக்கை வைத்து இறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்தால் மாசக்கணக்கில் கெடுவதில்லை என்று கண்டுபிடித்தார். அதற்காக அந்த நாட்டு அரசாங்கம் 1810இல் 12,000 பிராங்க் பரிசு கொடுத்தது. ஏன் கெடவில்லை என்று கேட்டால் அவருக்கே சரியாகத் தெரியாது. லூயி பாஸ்டர் என்ற விஞ்ஞானி வந்து, கெடுப்பது கிருமிதான் என்று காட்ட இன்னும் ஐம்பது வருஷம் ஆயிற்று. துவரைக்கு மண் கட்டிய ஆயாவுக்கும் அப்பேருக்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 1858இல் அமெரிக்காவில் ஜான் மேசன் என்பவர் திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடிக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம்தான் அது வீட்டுச் சமையலறைக்குள் வந்தது. உங்கள் பாட்டி 'மேசன் ஜார்' என்றுதான் சொல்லியிருப்பார்.

ஒஹாயோவில் மாசக்கணக்கில் பனி கொட்டும், தோட்டத்தில் ஒன்றும் முளைக்காது. கோடையில் விளைகிற தக்காளியைத் தக்காளியாகவே தை மாசம் வரைக்கும் கொண்டுபோக அவர்களுக்கு ஒரு வழி தேவைப்பட்டது. நமக்கு எந்த மாசமும் ஏதோ ஒரு காய் உண்டு. ஜாடிக்கும் மூடிக்கும் கொடுக்கக் காசு ஏது? ஒரு ஈடு ஜாடி வேக வைக்க முக்கால் மணி நேரம் வேலிகாத்தான் விறகை எரிப்பது என்றால் ஆயா மயங்கி விழுந்திருப்பாள். ஆனால் சித்திரைக் கடைசியில் கத்திரி பிறந்துவிட்டால் வேலூர் வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அது இனாம். கத்திரி வெயிலில் கத்தரி வத்தல் போடுவதற்கு ஒரு குச்சி விறகு வேண்டாம்.

வடகத்தைச் சொல்லாமல் இதை முடித்தால் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். தாளிக்கிற வடகம். சின்ன வெங்காயம் ஐந்து கிலோ என்றால் பூண்டு முக்கால் கிலோ. இரண்டையும் தோலோடு உரலில் ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும், மசிந்துவிடக் கூடாது. அதில் உளுந்து, கடுகு, சீரகம், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள் தூள், கல்லுப்பு, கறிவேப்பிலை எல்லாம் கலந்து ஒரு ராத்திரி மூடி வைத்துவிடுவோம். காலையில் பார்த்தால் வெங்காயம் தண்ணீர் விட்டிருக்கும். அதைப் பிழிந்து, பிழிந்ததைப் பாயில் உதிர்த்துக் காயப் போடுவோம். தண்ணீரைக் கொட்ட மாட்டோம், அதையும் ஒரு தட்டில் பக்கத்திலேயே வெயிலில் வைத்துவிட்டு சாயங்காலம் மறுபடி அதோடு பிசைந்துவிடுவோம். மூன்றாம் நாள் விளக்கெண்ணெயைக் கையில் தடவிக்கொண்டு எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டுவது. அடுத்த நாள் காய வைத்து, சாயங்காலம் உருண்டையை உடைத்து, மறுபடி எண்ணெய் தொட்டு உருட்டி, மறுநாள் மறுபடி வெயில். இப்படிப் பத்து நாள், பதினைந்து நாள். கடைசியில் கல்லு மாதிரி, கறுப்பாக, கையில் எடுத்தால் கனமே இல்லாமல் இருக்கும். அந்தப் பதினைந்து நாளும் தெரு முழுக்க அந்த வாசம்தான். யார் வீட்டில் எத்தனாவது நாள் என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒரு துண்டைக் கிள்ளிச் சூடான எண்ணெயில் போட்டால் போதும், கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ மேலே ஒன்றும் கேட்காது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வடகம் சரியாகக் காயாவிட்டால் வெளியே வெள்ளையாகப் பூத்துவிடும். வத்தல் கெட்டால் புழு வரும், நாற்றம் வரும். ஊறுகாய் கெட்டால் மேலே ஆடை கட்டும். கருவாடு கெட்டால் பூனையே எழுந்து போய்விடும். நம் பண்டமெல்லாம் கெட்டுப்போனால் வாய் திறந்து சொல்லிவிடும். நம் ஜாடியும் திறந்த வாய்தான். ஒரு வெள்ளைத் துணியை வேடு கட்டி வைக்கிறோம், உள்ளே நடப்பது நமக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது.

வாயை அடைத்தால் என்ன ஆகும் என்பதை நான் கல்யாணமான புதிதில் கற்றுக்கொண்டேன். வேலூரில் ஒரு வாரம் பழம் பதனிடும் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். ஜாம், ஸ்குவாஷ், தக்காளி சாஸ். கடைசி நாள் தட்டச்சு அடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். கெடாமல் இருக்க எலுமிச்சை ஸ்குவாஷுக்கு மெட்டாபைசல்பைட், தக்காளி மாதிரி நிறமுள்ளவற்றுக்கு அது ஆகாது, நிறம் வெளுத்துவிடும், அதனால் சோடியம் பென்சோயேட் என்று எழுதியிருந்தது. நான் ஒரே உற்சாகமாக நேதாஜி மார்க்கெட்டில் தக்காளி சீப்பட்டுக் கிடந்த சமயம் பார்த்துப் பத்துக் கிலோ வாங்கிவந்தேன். பாட்டிலுக்கு எங்கே போவது? எங்கள் மாவட்டத்தில் தெருவுக்கு இரண்டு மிலிட்டரிக்காரர்கள் இருப்பார்கள். எதிர்வீட்டு மாமா ஓய்வுபெற்ற சுபேதார். கேண்டீன் ரம் பாட்டில் எட்டு கொடுத்தார். கழுவிக் கழுவி, வாசம் போகப் புளிபோட்டு ஊற வைத்து, வேக வைத்து, சாஸைக் காய்ச்சி ஊற்றும் நேரம் மாமியார் வந்தார். "சாப்பிடற பொருள்ள மருந்தைக் கலப்பியா?" என்றார். எனக்கு வாயைக் காட்டப் பயம். பென்சோயேட் பொட்டலத்தை அப்படியே அலமாரியில் போட்டுவிட்டு, பாட்டிலைத் தக்கை வைத்து இறுக்கி, மெழுகை உருக்கி ஊற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் ராத்திரி. முதலில் ஒரு சத்தம், சைக்கிள் டியூப் வெடித்த மாதிரி. அப்புறம் இன்னொன்று. மாமனார் பரணுக்குக் கீழே படுத்திருந்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவரிலிருந்து அவருடைய வெள்ளை பனியன் வரைக்கும் சிவப்பு. "ஐயோ, என்னை வெட்டிட்டானுங்க" என்று கத்தினார். தெருவே கூடிவிட்டது. மிலிட்டரி மாமா மட்டும் பனியனை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா நல்லா வடிச்சிருக்கு" என்றார்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றைக்கு நான் செய்த பாட்டில் வெடித்தது நல்லது. உள்ளே புளித்து, நுரைத்து, நான் கெட்டுவிட்டேன் என்று ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டது. அடைத்த ஜாடிக்குள் சொல்லாமல் கெடுவது ஒன்று இருக்கிறது. பொட்டுலிசம் என்பார்கள். அதை உண்டாக்குகிற கிருமியின் வித்து மண்ணில் எல்லா இடத்திலும் உண்டு. 100 டிகிரியில் மணிக்கணக்கில் தண்ணீர் கொதித்தாலும் அது தாங்கிவிடும். நாம் திறந்து வைத்துச் சாப்பிடுகிற உணவில் அதனால் பெரிய தொந்தரவு இல்லை, ஏனென்றால் காற்று இருக்கிற இடத்தில் அது முளைக்காது. காற்றில்லாமல், ஈரத்தோடு, புளிப்பு குறைந்த உணவை அடைத்து வெளியில் வைத்தால் அதற்குக் கல்யாண வீடு. விஷத்தைக் கக்கிவிடும். பல நேரம் நிறம் மாறாது, வாசமும் மாறாது, மூடியும் எழும்பாது. உங்களை அழவைத்த அந்த 'டிங்' சத்தம், காற்று வெளியேறி மூடி உட்கார்ந்துவிட்டது என்பதைத்தான் சொல்கிறது. உள்ளே இருப்பது நல்லதா என்று அதற்குத் தெரியாது.

புளிப்புக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பி.ஹெச். 4.6 என்பது கோடு. அதற்குக் கீழே இருந்தால், அதாவது நன்றாகப் புளித்தால், கொதிநீர் போதும். ஜாம், பெரும்பாலான பழம், வினிகர் ஊறுகாய் எல்லாம் அந்தப் பக்கம். அதற்கு மேலே இருந்தால், பீன்ஸ், கிழங்கு, கறி, பருப்பு எல்லாம் அந்த வகை, ஜாடி அடைப்பதற்கென்றே செய்த பிரஷர் கேனர் வேண்டும். அழுத்தத்தில் சூட்டை 116 டிகிரிக்கு ஏற்றினால்தான் வித்து சாகும். நம் விசில் குக்கரில் வைத்து எடுத்துவிடலாமே என்று தோன்றும். கூடாது. குக்கர் சின்னது, சீக்கிரம் சூடேறிச் சீக்கிரம் ஆறிவிடும். ஜாடியின் நடுவயிறு வரைக்கும் அந்தச் சூடு போய்ச் சேர்ந்ததா என்று யாரும் சொல்ல முடியாது.

ஆகவே கத்தரிக்காய்த் தொக்கு. உங்கள் ஆயாவுடையது இலவம்பாடி முள்ளுக் கத்தரியாகத்தான் இருக்கும், நம் பக்கம் தொக்கு என்றால் வேறு காயைத் தொட மாட்டார்கள். (2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்த அன்று எங்கள் வீட்டில் மறுபடியும் அதே தொக்குதான்.) கத்தரிக்காய் புளிப்பில்லாத காய். நாம் புளி ஊற்றுகிறோம்தான். ஆனால் உங்கள் கை ஊற்றுகிற புளி 4.6க்குக் கீழே கொண்டுபோகுமா என்பது ஆளுக்கு ஆள், புளிக்குப் புளி மாறும். போதாததற்கு அதில் முழுப் பூண்டும் எண்ணெயும். எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற பூண்டு அந்தக் கிருமிக்கு ரொம்பப் பிடித்த இடம். ஆயா செய்த தொக்கு ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். அவள் அதை வருஷத்துக்கு வைக்கவில்லை. வருஷத்துக்கு வைக்க வேண்டியதை அவள் வத்தலாகப் போட்டாள். நீங்கள் தொக்கு செய்து சின்னச் சின்ன டப்பாவில் ஃப்ரீசரில் வையுங்கள். ஆயாவிடம் ஃப்ரீசர் இருந்திருந்தால் அதற்கும் பூட்டுப் போட்டிருப்பாள், அது வேறு விஷயம்.

ஆயா போன பிறகு, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து, அம்மா சாவியை எடுத்து அந்த அறையைத் திறந்தாள். நானும் கூட இருந்தேன். மூன்று வருஷத்துப் புளி, கருங்கல்லாக. அடிப் பானையில் கேழ்வரகு பாதி மாவாகக் கொட்டியது, வண்டு. தேதியே தெரியாத ஒரு நார்த்தங்காய் ஜாடி, கீல் மாதிரி கறுப்பு. அம்மா ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றையும் தெருத்திண்ணையில் கொண்டுவந்து வைத்து, மிளகாய் இடிக்கிற அம்மாவைக் கூப்பிட்டு, "உனக்கு வேணுங்கிறத மொதல்ல எடுத்துக்கோ" என்றாள். அந்த அம்மா நார்த்தங்காயைத்தான் எடுத்தார். ஆயா போட்டதில் கெடாதது அதுதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன் பிறகு அந்த அறைக்குப் பூட்டு இல்லை. அம்மா வருஷத்துக்கு வாங்குவதையும் நிறுத்திவிட்டாள். மாசத்துக்கு மாசம் பொய்கை சந்தையில் வாங்கிக்கொள்வாள், விலை கூடுதலானாலும்.

இப்போது சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் சேர்த்து வைத்திருப்பது வடகம், உப்பு எலுமிச்சங்காய், ஒரு டப்பா மோர் மிளகாய். அவ்வளவுதான். மூன்றும் என் மருமகளின் கைக்கு எட்டுகிற தட்டில்தான் இருக்கின்றன.

கடைசியாக, இதுதான் அவசரம். உங்கள் பதினாலு ஜாடி தக்காளி. 'தக்காளி, உப்பு, வேறு ஒன்றும் கிடையாது' என்று பாட்டி சொன்னதைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. தக்காளி அந்த 4.6 கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிற பழம். சில ரகம் இந்தப் பக்கம், சில ரகம் அந்தப் பக்கம், ரொம்பப் பழுத்தால் புளிப்பு இன்னும் குறையும். அதனால் உங்கள் ஊரிலேயே பல வருஷமாக, கடையில் விற்கிற புட்டி எலுமிச்சைச் சாறு அரை லிட்டர் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் ஜாடிக்கு இரண்டு என்று விடச் சொல்கிறார்கள். பாட்டியின் அம்மா காலத்தில் அது கிடையாது. பாட்டி நூறு தடவை செய்து ஒன்றும் ஆகாமல் இருந்திருக்கலாம். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த தடவை சாறு புட்டியை நீங்களே கையோடு எடுத்துப்போங்கள், எங்கள் ஊரில் இப்படித்தான் என்று சொல்லுங்கள்.

போட்ட அன்றே தெரிந்திருந்தால் ஜாடியைத் திறந்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கலாம். ஒரு மாதம் ஆகிவிட்டது. மோந்து பார்த்துவிட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு ஜாடியைக்கூட. மனசு வராது, தெரியும். பதினாலையும் பிரிக்காமல் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். புது ஜாடி வாங்கினால் ஒன்றை மட்டும் காலியாகவே வையுங்கள். அடுத்த கத்திரியில் ஊருக்கு வரும்போது அது நிறைய வடகம் தருகிறேன்.